கால்வாய்க்கரையால் கல்யாணத்துக்கு

குகநாதனின் லைசன்ஸ் ஒரு மாதத்துக்குப் பறிபோயிருந்தது. சுவிற்சர்லாந்தின் வில் நகருக்கு வெளியே சோளக்காட்டுக்கு நடுவால் போகும் நேர்ப்பாதையில், எண்பதில் போகவேண்டிய இடத்தில் அவர் எவ்வளவில் போனார் என்பதை மனைவி சிவகலாவுக்குக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் கூடிப்போச்சு" என்பதோடு கதையை முடித்துக்கொண்டார். எந்த மாதம் லைசன்ஸைக் கையளிக்க வசதி என்று அவரிடமே கேட்டிருந்தார்கள். அவர் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலைக்கு ஓகஸ்டில் விடுமுறை. ஆகவே ஓகஸ்ட் என்றார். தம்பி இராஜேந்திரனின் மகள் ஹரிஷாவுக்கு அதே ஓகஸ்டில்தான் கல்யாணம் என்பது அப்போது அவருக்கு நினைவில் வரவேயில்லை.

இராஜேந்திரன் இருப்பது எல்லைக்கு அப்பால், பிரான்சின் முலூஸ் நகரில். கல்யாண மண்டபம் அங்கிருந்து இன்னும் மேற்கே, ஒரு கால்வாயின் கரையிலிருந்த சிற்றூரில். மாப்பிள்ளை சயந்தன் சுவிஸின் ஓல்ட்டன் நகரத்துப் பெடியன்.

"சுகமில்லை எண்டு சொல்லிவிடுவம்" என்றார் குகநாதன்.

"பெரியப்பா இல்லாமல் ஹரிஷாவுக்குக் கல்யாணமோ? உங்களுக்கு என்ன விசரே?"

"ஆரும் எங்களை ஏத்திக்கொண்டு போனா, உங்கட காருக்கு என்ன எண்டு கேப்பாங்கள். ரயிலில போய் இறங்கினாலும் அதே கேள்விதான். நான் என்னத்தைச் சொல்ல?"

அதுதான் அவருக்கு வலித்தது. வில்லில் கார் பழகிய தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம் புத்திமதி கேட்டவர்கள். கண்ணாடியைப் பார், தோளுக்கு மேலால் திரும்பிப் பார், ஆத்திரப்படாதே என்று அவர் சொல்லாத வீடில்லை. விசயம் வெளியே வந்தால் ஓய்வூதியம் எடுக்கும்வரை பகிடி பண்ணுவார்கள்.

சிவகலா முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். பல வருடங்களாக மழையோ பனியோ அவள் வேலைக்குப் போவது சைக்கிளில்தான். அவளோடு வேலை செய்யும் பிரிகிற்றே ஒவ்வொரு கோடையிலும் புருசனோடு சைக்கிளில் ஊர் சுற்றுகிறவள். இந்த வருடம் புருசனுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. சைக்கிள் சும்மா நின்றது.

"சைக்கிளில போவம்" என்றாள் சிவகலா. "எல்லையில இருக்கிற பாசலில இருந்து அந்த ஊர் மட்டும் கால்வாய்க்கரையால பாதை இருக்காம். கார் ஒண்டும் வராது. ஆரும் கேட்டா, உடம்புக்கு நல்லது, ஊர் பாத்துக்கொண்டு வந்தனாங்கள் எண்டு சொல்லலாம்தானே?"

குகநாதன் யோசித்தார். அது மரியாதையான காரணம். கொஞ்சம் நாகரிகமாகக்கூட இருந்தது. சரி என்றார்.

சைக்கிள் ஒன்று, ஆட்கள் இரண்டு என்பது, பிரிகிற்றே தன் கராஜிலிருந்து இருவர் ஓடும் நீளமான டாண்டம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. முன்னுக்கு ஒரு இருக்கை, பின்னுக்கு ஒரு இருக்கை. கியர், பிறேக், பெல் எல்லாம் முன்னுக்கு. பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைபிடி இருந்தது; அது எந்தப் பக்கமும் திரும்பாது.

குகநாதன் நேரே போய் முன்னிருக்கையில் ஏறினார்.

"இறங்குங்கோ. நான் ரெண்டு கிழமையா பிரிகிற்றேயோட முன்னுக்கு ஓடிப் பழகினனான்."

"முப்பது வருசமா கார் ஓடுறன் நான்."

"ஓம். அதாலதானே இப்ப இஞ்ச நிக்கிறம்."

பிரிகிற்றேக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தாள்.

தூர் ஆற்றங்கரைப் பாதையில் பயிற்சி நடந்தது. பின்னால் இருந்த குகநாதனுக்கு முன்னால் சிவகலாவின் முதுகு தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் தன்பாட்டில் ஒரு பக்கம் சாய்ந்தார். சைக்கிள் மற்றப் பக்கம் போனது. முதல் நாள் இருவரும் சோளத்துக்குள் விழுந்தார்கள். இரண்டாம் நாள் ஒரு நாயைத் தப்பவிட்டுப் புல்லுக்குள் விழுந்தார்கள்.

"நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம்" என்றாள் சிவகலா, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு. "நான் சாயேக்க நீங்களும் சாயுங்கோ. நான் பள்ளம் எண்டா கொஞ்சம் எழும்புங்கோ. மிச்ச நேரம் உழக்குங்கோ. அவ்வளவுதான்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. கிழமை முடிவதற்குள் ஒருமாதிரிப் பழகிவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை ரயிலில் பாசல் வந்து, நகரத்துக்குள்ளால் மெல்ல உருட்டி, ரைன் நதியைத் தொட்டு, வடக்கே போகும் பாதையைப் பிடித்தார்கள். பின்பைகள் இரண்டிலும் பட்டுச்சேலையும் வேட்டியும், இடியப்பமும் சம்பலும், மழைச்சட்டைகளும். சிறிது தூரத்தில் ஒரு ஒடுங்கிய கால்வாய் வந்து பாதையோடு சேர்ந்துகொண்டது. இரு கரையிலும் உயர்ந்த மரங்கள், தண்ணீரில் தாராக்கள், ஒரு பக்கம் சூரியகாந்தி வயல்.

"எல்லை எப்ப வரும்?" என்று பின்னாலிருந்து கேட்டார் குகநாதன்.

"அது அப்பவே வந்திட்டுது. நாணலுக்குள்ள ஒரு பலகை நிண்டது. நீங்கள் காணேல்லையோ?"

அவருக்கு நம்பமுடியவில்லை. எல்லை என்றால் காரை மெதுவாக்கி, முகத்தை நல்ல பிள்ளைபோல் வைத்துக்கொண்டு, காவலர் கையசைக்கும்வரை மூச்சைப் பிடிக்கிற இடம். அவருக்குத் தெரிந்த பிரான்சும் வேறு. நெடுஞ்சாலை, சுங்கக் கட்டணக் கூண்டுகள், பெற்றோல் நிலையத்துக் கழிப்பறை, கடைசியில் பாரிசில் கார் நிறுத்த இடம் தேடிச் சண்டை. இந்தப் பிரான்சில் ஒரு கிழவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பசு வேலிக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்தது. எங்கோ பாண் சுடும் மணம் வந்தது. பாதை தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் நடுவே ஓர் இரும்புத் தூண் நட்டிருந்தது, கார் நுழையாமல். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் போன்ஜூர் என்று வணக்கம் சொன்னார்கள். குகநாதன் அவர்களைக் காணும்போது அவர்கள் ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிடுவார்கள். அவர் சொல்லும் போன்ஜூர் அவர்களுடைய முதுகில் போய் விழுந்தது.

இன்னொன்றும் அவருக்குப் புதிதாக இருந்தது. காரில் போகும்போது வானொலிதான் கதைக்கும். இங்கே வானொலி இல்லை. இரண்டு பேரும் ஒரே செயினில் கட்டுப்பட்டிருந்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவருக்குக் காலில் தெரிந்தது.

"உமக்குக் களைக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"நான் நாளாந்தம் ஓடுறனான்தானே. விடிய வேலை எண்டா ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கிற வயற்பாதையாலதான் போறனான். இந்த மாதிரித்தான் இருக்கும். வைகாசியில மான்குட்டியும் நிக்கும். ஒருக்கா தாயும் ரெண்டு குட்டியும் பாதையை மறிச்சு நிண்டு, எனக்கு வேலைக்குப் பிந்திப்போச்சு."

"நீர் இதை எனக்குச் சொல்லவேயில்லை."

"சொன்னனான். சாப்பிடேக்க சொன்னனான். நீங்கள் ட்ரபிக் செய்தி பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

குகநாதன் உழக்கினார். கொஞ்சத் தூரம் போனபிறகு, "தாய்மான் பயந்து ஓடேல்லையோ?" என்று கேட்டார். அவள் அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னாள். கதை முடியமுன் இன்னொரு கதை வந்தது. முலூஸ் நகரைத் தாண்டியது அவருக்கு நினைவில் இல்லை. மண்டபத்துக்கு ஒரு ஊர் முன்னால், கால்வாய்க்கரைப் பண்ணை வீடொன்றில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கினார்கள். குகநாதன் சாப்பிட்ட கையோடு நித்திரையாகிவிட்டார். இரவு முழுக்கப் புயற்காற்றும் மழையும். அவருக்கு அது கேட்கவேயில்லை.

விடிந்தபோது வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. பாதை முழுக்க இலையும் சுள்ளியும். முகூர்த்தம் மதியத்துக்கு முன். நேரம் தாராளமாக இருந்தது. வேட்டி சேலையை மண்டபத்தில் உடுக்கலாம் என்று சைக்கிள் உடுப்போடே புறப்பட்டார்கள்.

கொஞ்சத் தூரத்தில் ஊர் வீதி கால்வாய்க்கு அருகில் வந்து ஒரு சிறு பாலத்தைத் தொடும் இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பாலத்துக்கு அப்பால் பெரிய பொப்லார் மரமொன்று மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு வீதிக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி ஒருவரையும் கிட்டப் போக விடவில்லை. மின்சாரத்தைத் துண்டிக்க ஆட்கள் வரவேண்டுமாம். சுற்றுப்பாதையில் வெள்ளம்.

வரிசையின் முன்னால் நின்ற கறுப்புக் காரிலிருந்து ஒருவர் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஹரிஷாவின் தாய்மாமன் தவச்செல்வன்.

"குகநாதன் அண்ணை! நீங்களோ? என்ன கோலமிது?"

"உடம்புக்கு நல்லது எண்டு..." என்று தொடங்கினார் குகநாதன்.

"அதை விடுங்கோ. ஐயர் என்ர காருக்குள்ள இருக்கிறார்!"

ஐயரைச் சுவிஸின் திரிம்பாக் ஊரிலிருந்து விடியவே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார் தவச்செல்வன். மாப்பிள்ளை மண்டபத்தில், பெண் மண்டபத்தில், மேளகாரர் மண்டபத்தில். ஐயர் மட்டும் இங்கே. கால்வாய்ப் பாதையில் காரை விடலாமென்று பார்த்தால் நடுவில் இரும்புத் தூண். அதைக் கழற்றித் தரும்படி தீயணைப்புக்காரர்களிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

ஐயர் காரிலிருந்து இறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் பெரிய மணிக்கூடு. "நடந்து போனால் முகூர்த்தம் தப்பிவிடும்" என்றார். "அவ்வளவு தூரம் இருக்கு."

குகநாதன் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. சைக்கிளின் முன்பக்கம் போய் ஹாண்டிலைப் பிடித்தார். "ஏறுங்கோ ஐயா. நான் கொண்டுபோய் விடுறன்."

சிவகலா ஒரு பக்கமாக விலகினாள். அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய கை பிறேக்கில் இருந்தது. அந்தப் பிறேக்கை அவர் ஒருநாளும் பிடித்துப் பார்த்ததில்லை. கியர் எந்தப் பக்கம் மாற்றுவது என்றும் தெரியாது. பக்கத்தில் தண்ணீர். பின்னால் ஐயர். அங்கே மணவறையில் ஹரிஷா. குகநாதன் கையை எடுத்தார்.

"இல்லை ஐயா, இவ ஓடட்டும்" என்றார். "இதை ஓடத் தெரிஞ்சவ இவதான். நீங்கள் பின்னால ஏறுங்கோ."

பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. குகநாதன் ஒரு பின்பையை வெறுமையாக்கி வேட்டியையும் மழைச்சட்டையையும் எடுத்துக்கொண்டு, அதற்குள் ஐயரின் பூசைச் சாமான்களை அடுக்கினார். தன் ஹெல்மெட்டை ஐயரின் தலையில் வைத்தார். குடுமி இடைஞ்சல் செய்தது. பட்டியை நீட்டி ஒருவாறு கட்டினார். ஐயர் வேட்டியைத் தாறுபாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினார்.

"ஐயா, நான் உழக்கேக்க நீங்களும் உழக்கவேணும்" என்றாள் சிவகலா. "நான் சாயேக்க சாயுங்கோ. பள்ளம் எண்டா எழும்புங்கோ. ஏலுமோ?"

"பிள்ளை, நான் கிழமைக்கு மூண்டு நாள் ஜிம்முக்குப் போறனான். நீர் வெளிக்கிடும்."

வெளிக்கிட்டார்கள். முதலில் கொஞ்சத் தூரம் சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடியது. பிறகு நிமிர்ந்தது. பிறகு குகநாதன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவரும் சிவகலாவும் நேற்று முழுநாளும் போகாத வேகத்தில் அது போனது. ஐயரின் சால்வை பின்னால் பறந்தது. திருப்பத்தில் இருவரும் ஒன்றாய்ச் சாய்ந்தார்கள். மரங்களுக்குள் மறைந்தபிறகும் பெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஐயர் நல்லா உழக்கிறார்" என்றார் குகநாதன். அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தவச்செல்வன் காரை ஓரமாக விட்டுப் பூட்டினார். இருவரும் கால்வாய்க்கரையால் நடக்கத் தொடங்கினார்கள். குகநாதனின் கையில் வேட்டி. ஈரப்புல்லில் தவச்செல்வனின் புதுச் செருப்பு வழுக்கியது.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட கார் எங்க?"

கேள்வி கடைசியில் வந்தேவிட்டது. குகநாதன் தண்ணீரைப் பார்த்தார். இவ்வளவு நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"கார் கராஜில. லைசன்ஸ் என்னட்டை இல்லை. வேகமா ஓடிப் பிடிபட்டிட்டன். இந்த மாசம் முழுக்க."

தவச்செல்வன் நின்றுவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்புத் தாங்காமல் கரையிலிருந்த ஒரு மதகின் கல்லில் உட்கார்ந்தார்.

"எனக்குப் போன வருசம் மூண்டு மாசம் அண்ணை! அக்காவுக்குக்கூடத் தெரியாது. எஞ்சின் பிழை, ஜெர்மனியில இருந்து சாமான் வரவேணும் எண்டு சொல்லிச் சொல்லி ட்ராமில திரிஞ்சனான். மூண்டு மாசம் எந்தச் சாமான் வரும்? ஆனா எல்லாரும் நம்பினவை!"

"நானும் நம்பினனான்!" என்றார் குகநாதன். "நல்ல மெக்கானிக் ஒருத்தரின்ர நம்பரும் அனுப்பினனான் உமக்கு!"

இரண்டு நடுத்தர வயது மனிதர்கள் மதகில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பதை, படகில் போன வெள்ளைக்காரத் தம்பதி ஆச்சரியமாகப் பார்த்துக் கையசைத்தார்கள்.

மறுபடி நடந்தார்கள். மண்டபத்தின் கூரை தூரத்தில் தெரியத் தொடங்கியபோது, தண்ணீருக்கு மேலால் நாதஸ்வரம் வந்தது. திடீரென்று தவில் உச்சத்துக்கு ஏறியது. கெட்டிமேளம்.

இருவரும் நின்றார்கள்.

"தாலி கட்டுறாங்கள்" என்றார் தவச்செல்வன். மருமகளைத் தோளில் தூக்கித் திரிந்தவர். இப்போது வயலுக்கு நடுவே நின்றார். குகநாதன் அவர் தோளில் கையைப் போட்டார். வாழ்த்தித் தூவ அறுகரிசி இல்லை. கரையோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்ததை ஆளுக்கொரு பிடி பறித்து, மண்டபம் இருந்த திசையைப் பார்த்துத் தூவினார்கள். பாதிப் பூ தண்ணீரில் விழுந்து மெல்ல நகர்ந்து போனது.

மண்டப வாசலில் சிவகலா பட்டுச்சேலையில் நின்றாள். முகம் சிவந்திருந்தது; தலையில் ஹெல்மெட் அழுத்திய தடம் இன்னும் இருந்தது. நடந்ததைச் சொல்லி முடிக்க அவளால் முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. சைக்கிள் நேரே மண்டப முற்றத்துக்குள் போயிருக்கிறது. வீடியோவுக்காக ஆயத்தம் செய்த காட்சி என்று நினைத்துப் படப்பிடிப்பாளர் இருவரும் விழுந்தடித்து ஓடிவந்திருக்கிறார்கள். ஐயர் இறங்கிய வேகத்தில் மணவறையில் போய் இருந்து மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். தலையில் ஹெல்மெட் இருப்பதை மாப்பிள்ளைதான் மெதுவாகக் காட்டினானாம்.

"முகூர்த்தத்துக்குள்ள கட்டியாச்சோ?"

"நல்ல நேரத்துக்குள்ள கட்டியாச்சு. ஹரிஷா உங்களைத்தான் தேடினவ. போய் வேட்டியைக் கட்டிக்கொண்டு வாங்கோ."

சாப்பாட்டுப் பந்தியில் எல்லோருக்கும் அதே கதைதான். இராஜேந்திரன் தமையனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எல்லாம் சரி அண்ணை, உன்ர காருக்கு என்ன நடந்தது?" என்று உரக்கக் கேட்டார்.

பக்கத்து மேசைகளும் திரும்பிப் பார்த்தன. சிவகலா முந்திக்கொண்டாள்: "இவருக்கு டொக்டர் சொன்னவர், உடம்புக்கு..."

"டொக்டர் இல்லை, பொலிஸ்" என்றார் குகநாதன். "வேகமா ஓடினனான். லைசன்ஸை வாங்கிப்போட்டாங்கள்."

மண்டபத்தின் அந்தப் பக்கம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. வில்லிலிருந்து வந்திருந்த ஒருவன், "மாமா, தோளுக்கு மேலால திரும்பிப் பாக்கேல்லையோ?" என்று கத்தினான். குகநாதனும் சிரித்தார். அவர் பயந்துகொண்டிருந்த பகிடி வந்தது, போனது. வடையும் பாயசமும் அதே ருசியில்தான் இருந்தன. தவச்செல்வன் குனிந்து தன் தட்டை மட்டும் பார்த்தபடி சாப்பிட்டார்.

பின்னேரம் ஹரிஷா மாலையோடு டாண்டத்தின் முன்னிருக்கையில் ஏறினாள். சயந்தனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். கல்யாணப் படங்களில் அதுதான் எல்லோருடைய போனிலும் போனது.

மறுநாள் இராஜேந்திரன் மனைவியோடு, அவர்கள் தங்கியிருந்த பண்ணை வீட்டுக்கு வான் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் வில்லில் இறக்கிவிடலாம் என்றார்.

குகநாதன் சிவகலாவைப் பார்த்தார். "உமக்கு எத்தினை நாள் லீவு கிடக்கு?"

"ஒரு கிழமை எடுத்தனான். ஏன்?"

"பிரிகிற்றே இந்தப் பாதை எங்க மட்டும் போகுதெண்டு சொன்னவ?"

"ஊ... அது கனதூரம் போகுதாம். டூப் எண்டு ஒரு ஆறு வருமாம், அதோட போய் பிறகு இன்னொரு ஆறு. கடைசியில கடலுக்காம்."

"கடல் வேண்டாம். அந்த ஆறு மட்டும் போய்ப் பாப்பமோ?"

சிவகலா ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். அதுவே பதில்.

பட்டுச்சேலையையும் வேட்டியையும் இராஜேந்திரனிடமே கொடுத்துவிட்டார்கள். பைகளில் காலியான இடத்தில் இராஜேந்திரனின் மனைவி பயற்றம் பணியாரமும் முறுக்கும் கட்டித் திணித்தாள். மேற்கே திரும்பியபோது வெயில் இதமாக இருந்தது. நண்பகலுக்கு முன்பு, படகுகளை மேலேற்றும் ஒரு மதகில் படகொன்று தண்ணீர் ஏறும்வரை காத்து நின்றது. முதல்நாள் கையசைத்த அதே வெள்ளைக்காரத் தம்பதி. குகநாதன் இறங்கிப் போய்ப் பணியாரப் பொதியை நீட்டினார். அந்தப் பெண் ஒன்றைக் கடித்துப் பார்த்து, கண்களை மூடி, ஏதோ பிரெஞ்சில் சொன்னாள்.

"என்னவாம்?" என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற சிவகலா கேட்டாள்.

"தெரியாது" என்றார் குகநாதன். "இன்னும் ரெண்டு எடுத்திட்டா."